கதவு திறந்திருக்கும்வரை

"உள்ள தள்ளி நில்லுங்க சார். கம்பியில கை வைக்காதீங்க, விரல் நசுங்கும்."

மாமனார் ஆரம்பித்துவிட்டார். படுக்கை விரிப்பை மாற்றிவிட்டுப் போன ஆயா கட்டிலின் பக்கக் கம்பியைத் தூக்கி மாட்டிய சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. அதற்குள் அவருடைய வலது கை கம்பியைத் தடவிக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனது. இடது கை, அங்கே இல்லாத ஒரு கைப்பிடியைத் திருப்பியது. கையோடு டிரிப்ஸ் குழாயும் இழுபட்டது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவன் எழுந்து குழாயைப் பிடித்துக்கொண்டான். காலையிலிருந்து அவனுக்கு அது ஒன்றுதான் வேலை.

"மாமா, படுங்க. இது ஆஸ்பத்திரி."

"ஓவர்லோடு சார். ஒருத்தர் எறங்கணும். நீங்கதான் கடைசியா ஏறினீங்க."

பக்கத்துக் கட்டிலில் மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தவர் தலையைத் திருப்பினார். "எறங்கிடுங்க தம்பி. உங்க ஒருத்தரால நாங்க அத்தனை பேரும் ஆபீசுக்கு லேட்டு."

எதிர்க் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கென்று முகத்தில் இருக்கும் தசைகளை அவன் பயன்படுத்தி வெகுநாளாகிவிட்டது.

மாமனார் ஓய்வு பெறும்வரை ஒரே கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவர். இழுத்துச் சாத்தும் கம்பிக் கதவு வைத்த பழைய லிஃப்ட். மகளுக்குக் கல்யாணமான கொஞ்ச நாளில் மனைவியை இழந்து மகள் வீட்டுக்கு வந்தார். பிறகு மகளும் போய்விட்டாள். அதற்கப்புறம் அவர் எந்த உறவில் அந்த வீட்டில் இருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. மாமனாரும் மருமகனும் அதிகம் பேசிப் பழகியவர்கள் இல்லை. ஒருவர் டீ போட்டால் இன்னொருவருக்கும் ஒரு டம்ளர் ஊற்றி மூடி வைப்பார். துக்கத்தை அந்த வீட்டில் அப்படித்தான் பங்கு வைத்தார்கள்.

அவருக்கு மறதி ஏற்கெனவே உண்டு. கண்ணாடியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத் தேடுவார். மருமகனை மகன் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஆனால் தானே சவரம் செய்துகொள்வார், கதவைப் பூட்டினோமா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தகடு வைத்து ஆபரேஷன் செய்தார்கள். ஆபரேஷனுக்குப் போனவர் ஒருவர், மயக்கம் தெளிந்து கண் விழித்தவர் வேறொருவர். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை.

வெளியூரிலிருந்து மைத்துனன் போனில் தீர்ப்பு சொல்லிவிட்டான். "அப்பாவுக்கு முத்திப்போச்சு மாப்ள. இனிமே இப்படித்தான்."

வார்டின் மூத்த சிஸ்டர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கொஞ்சம் பருமனான, கால்வலிக்காரி. நின்றபடியே ஒரு காலை மாற்றி ஒரு காலில் சாய்ந்துகொண்டுதான் பேசுவாள். "மறதி மெதுவா வர்றது. இது ஒரே நாள்ல வந்ததுல்ல? இது டெலிரியம். டாக்டரும் அதைத்தான் சொல்றாரு. யூரின்ல கிருமி, காய்ச்சல், மயக்க மருந்து, புது எடம், எல்லாம் சேர்ந்து மூளையைப் போட்டுக் குழப்புது. மருந்து ஏறிட்டிருக்கு. தெளியும். தெளியிற வரைக்கும் விழாம பாத்துக்கணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்பது எவ்வளவு என்று உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். கண்ணாடியை மாட்டிவிட வேண்டும், அவர் கழற்றி எறிவார். காது மெஷினை வைக்க வேண்டும். அது ஒருமுறை அழுக்குத் துணி மூட்டையோடு போய்விட, சலவைக்காரர்களிடம் கெஞ்சி மீட்டு வந்தான். பகலில் திரையை விலக்கி வெளிச்சம் வரவைக்க வேண்டும். எதிர்க் கட்டிலுக்குக் கண் கூசுகிறதென்று அவர்கள் மூடுவார்கள், இவன் திறப்பான், அவர்கள் மூடுவார்கள். ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு புது முகம். ஒவ்வொரு முகத்திடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்: இடது காதில் பேசுங்கள், பின்பக்கமிருந்து தொடாதீர்கள். தலையாட்டுவார்கள். போன அடுத்த நிமிடம் வலது காதில் கத்துவார்கள். இருபது கட்டிலுக்கு இரண்டு பேர். யாரைக் கோபித்துக்கொள்வது? கோபம் போக இடமில்லாமல் அவன் பல்லுக்கடியிலேயே கிடந்தது.

இதையெல்லாம்கூடச் சகித்துக்கொள்வான். கேள்விதான் சகிக்கவில்லை.

"பாப்பா எங்க?"

அவருக்கு மகள் பாப்பாதான். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அந்தக் கட்டடத்துக்கு வந்துவிடுவாளாம். லிஃப்டுக்குள் ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாளாம். முடித்துவிட்டு மொட்டை மாடிக்கு விளையாடப் போவாளாம். வேலை முடிந்ததும் கடைசியாக ஒருமுறை லிஃப்டை மேலே ஓட்டிப்போய் அவளை ஏற்றிக்கொண்டு இறங்குவார். இப்போது அவர் கணக்கில் அவள் மாடியில் இருக்கிறாள். இருட்டுகிறது. யாரும் கூட்டிவரவில்லை.

முதல் தடவை கேட்டபோது அவன் உண்மையைச் சொன்னான். பொய் சொல்லத் தோன்றவில்லை. "அவ இல்ல மாமா. போயிட்டா. உங்களுக்குத் தெரியும்ல." மாமனார் அவனையே பார்த்தார். பிறகு ஒரு சத்தம் வந்தது. அவள் செத்த அன்றைக்கு அந்தச் சத்தத்தை அவர் போடவில்லை. அன்று அவர் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்தார். படுக்கையெல்லாம் ரத்தம். சிஸ்டர் ஓடிவந்து பஞ்சை வைத்து அழுத்தினாள்.

"என்ன சார் சொன்னீங்க அவர்கிட்ட?"

"உண்மையச் சொன்னேன்."

"நல்லா சொன்னீங்க. உங்களுக்கு ஒரு தடவதான் செத்தாங்க. இவருக்கு நீங்க சொல்றப்பல்லாம் சாவாங்க."

கொஞ்ச நேரத்தில் மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார். "சார், பாப்பா மேல இருக்கா. பாத்தீங்களா?"

அதற்கப்புறம் அவன் பதில் சொல்வதை விட்டுவிட்டான். வருவாள் என்று சொல்லச் சொன்னாள் சிஸ்டர். அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை. மற்றவர்களுக்கு அது மருந்து மாதிரி ஒரு பொய். அவனுக்கு அப்படியில்லை.

நேற்று மாலைதான் அது நடந்தது. அவன் மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரம். கம்பி மேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டுவிட்டார். ஆபரேஷன் செய்த கால். சிஸ்டர் பார்த்துப் பிடிக்காவிட்டால் தகடும் போயிருக்கும், மண்டையும் போயிருக்கும். "உள்ள ஆள் மாட்டிக்கிட்டாங்க, கதவு சிக்கிக்கிச்சு" என்று கத்தினாராம். இன்றைக்கு மறுபடி ஏறினால் இரண்டு கையையும் கட்டிலோடு கட்டுவது என்று முடிவாகியிருந்தது. வீட்டார் சம்மதம் வேண்டும்.

"கட்டச் சொல்லுங்க மாப்ள," என்றான் மைத்துனன். "அவர் நல்லதுக்குத்தானே? நீங்க என்ன இருபத்திநாலு மணி நேரமும் காவல் காக்கவா முடியும்?"

"நீங்க வந்து ஒரு நாள் உக்காருங்களேன்."

"லீவு இல்ல மாப்ள. உங்களுக்குத் தெரியாததா."

தெரியாததில்லை. அவனுக்கும் லீவு இல்லை.

மனைவியின் மணிக்கட்டு அவனுக்கு ஞாபகம் இருந்தது. கடைசி நாட்களில் தொண்டைக்குழாயைப் பிடுங்குகிறாள் என்று கட்டியிருந்தார்கள். பேண்டேஜ் துணி பதிந்த கோடு, வளையல் போட்ட இடத்துக்குச் சற்று மேலே. அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோதும் அந்தக் கோடு மறையவில்லை. அப்போது யாரும் அவனைக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள்.

மதியம் சிஸ்டர் உடம்பு துடைக்க வந்தாள். கம்பியைக் கீழே இறக்கினாள். மாமனார் கையை மடியில் வைத்துக்கொண்டார். முதுகைத் துடைத்தாள், மருந்து பூசினாள், தலையணையைத் திருப்பினாள். அவர் அசையவே இல்லை. கண் மட்டும் வார்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேலை முடிந்ததும் கம்பியை மேலே இழுத்தாள். கிளிக்.

"உள்ள தள்ளி நில்லுங்க சார்."

கை கிளம்பிவிட்டது.

அவன் எழுந்து நின்றான். மனைவி சிரித்துக்கொண்டே சொன்ன கதை ஒன்று உண்டு. ஒரு நாள் லிஃப்ட் கதவு பாதியில் சிக்கிக்கொண்டு சாத்தவே முடியவில்லையாம். மெக்கானிக் வந்தது பொழுது சாய்ந்து. அதுவரை அப்பா லிஃப்டை விட்டு இறங்கவில்லையாம். சாப்பிடவில்லை. ஒன்றுக்குக்கூடப் போகவில்லை. கதவு திறந்திருந்தால் ஆபரேட்டர் நகரக் கூடாது, எந்தச் சின்னப் பிள்ளையாவது உள்ளே புகுந்து கைப்பிடியைத் திருப்பிவிட்டால் என்ன ஆகும் என்றாராம். "அம்மா திட்டின திட்டுல லிஃப்டே தானா கீழ எறங்கியிருக்கும்," என்று அவள் சொல்வாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்வாள். கடைசி வரிக்கு முன்னாலேயே சிரிப்பு வந்துவிடும்.

"சிஸ்டர், கம்பிய எறக்குங்க."

"என்னது?"

"கம்பி மேல இருந்தா லிஃப்ட் ஓடுது. ஓடினா மாடி வரும், மாடி வந்தா அவர் கதவைத் தொறக்கணும். தொறக்க முடியல. அதான் ஏறிக் குதிக்கிறார். கதவு தொறந்திருந்தா எறங்க மாட்டார். அது அவரோட ரூல்."

"நீங்களும் லிஃப்ட்ல ஏறிட்டீங்களா?" சிஸ்டர் காலை மாற்றி நின்றாள். "கம்பி எறக்கி வச்சு அவர் விழுந்தா யார் பதில் சொல்றது? உங்க மாமனாரா?"

"நான் இங்கதான உக்காந்திருக்கேன்."

"நேத்தும் இங்கதான் உக்காந்திருந்தீங்க."

அவன் கண்ணை எடுக்கவில்லை. மாவுக்கட்டுக்காரர் இருமினார். "ஒரு தடவ பாருங்களேன் சிஸ்டர். காலைலேருந்து மேலயும் கீழயும் போய் எனக்கே தலை சுத்துது."

சிஸ்டர் அவரை முறைத்தாள். பிறகு கட்டிலின் கால்மாட்டில் குனிந்து, கட்டிலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தினாள். ஆயாவைக் கூப்பிட்டுக் காலிக் கட்டிலின் மெத்தையைத் தரையில் போட வைத்தாள். கம்பியை இறக்கினாள். "டாக்டர் ரவுண்ட்ஸ் வர்ற வரைக்கும்தான். அவர் வந்ததும் நானே சொல்றேன். அதுக்குள்ள ஒரு கால் வெளிய வந்தாலும் கட்டிடுவேன். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது." பேண்டேஜ் உருளை ஒன்றை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள்.

மாமனார் கிடந்தார். கை கம்பியைத் தேடியது, காணவில்லை, மடிக்குத் திரும்பியது. டிரிப்ஸ் குழாயை மட்டும் அவ்வப்போது சுண்டினார். அவன் அவர் விரலை மெல்ல எடுத்துவிட்டான். ஜன்னல் வெளிச்சம் கட்டிலிலிருந்து தரைக்கு இறங்கி, மெத்தை மேல் நகர்ந்து, மஞ்சளானது. எதிர்க் கட்டிலுக்குத் துணையிருந்து, திரையை மூட எழுந்த பெண்மணி இவர்களைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள். அவனுக்கு முதுகு கடுத்தது. பசித்தது. எழுந்து போக முடியாது. கதவு திறந்திருந்தால் நகரக் கூடாது என்ற சட்டம் இப்போது அவனுக்கும் சேர்த்துத்தான் என்பது புரிந்தபோது ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. கதையைச் சொன்னவள் மேல்கூட இருக்கலாம்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் அவர் மூச்சு வேகமானது. நேற்றும் இந்த நேரம்தான். தலையைத் தூக்கினார்.

"மணி ஆச்சு. எல்லாரும் போயிட்டாங்க. பாப்பா இன்னும் எறங்கல."

அவன் ஸ்டூலை விட்டு எழுந்து நின்றான்.

"சாத்திட்டு மேல போய்ப் பாக்கலாம்னா, அதுக்குள்ள படிக்கட்டுல எறங்கி வந்துட்டான்னா? லிஃப்ட் இல்லேன்னா பயந்துருவா." அவருடைய ஒரு கால் போர்வைக்குள் மடங்கியது. இடுப்பு நகர்ந்தது. வார்டின் அந்தக் கோடியிலிருந்து சிஸ்டர் பார்த்தாள். நடக்கத் தொடங்கினாள். "சாத்துறதா வேண்டாமா, சொல்லுங்க சார். நீங்க எந்த மாடி? உங்களை எறக்கி விட்டுட்டுப் போறேன்."

பாதம் போர்வை விளிம்புக்கு வந்துவிட்டது. நகம் வெட்டாத கட்டைவிரல். சிஸ்டர் மேஜையருகே வந்து உருளையை எடுத்துக்கொண்டாள். துணியின் நுனியைத் தேடி நகத்தால் கீறினாள்.

"நான் எங்கயும் போகல," என்றான் அவன். "நானும் அவளுக்காகத்தான் நிக்கிறேன்."

மாமனார் அவனை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பாப்பாவைத் தெரிந்த ஆள். கண்ணாடிக்குள் கண் பெரிதாகத் தெரிந்தது.

"அப்படியா," என்றார். "அப்ப நிக்க வேண்டாம். உக்காருங்க. எப்பவுமே கொஞ்சம் லேட்டாத்தான் வருவா."

"தெரியும்."

கால் போர்வைக்குள் போனது. மெதுவாக, ஒவ்வொரு அங்குலமாக, அவர் கட்டிலில் நகர்ந்து தன் இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார். அவன் அங்கே உட்கார்ந்தான். சிஸ்டர் நுனி கிடைத்த துணியை ஒரு சுற்றுப் பிரித்தபடி நின்றுகொண்டிருந்தாள். வாசலில் விளக்கு போட்டார்கள். ஒரு தள்ளுவண்டி போனது, யாரோ ஒரு பெண் செருப்புச் சத்தத்தோடு வந்து அடுத்த வார்டுக்குத் திரும்பினாள். இறக்கிய கம்பிக்கு இந்தப் பக்கம், ஒரே கட்டிலில், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையை நிமிர்த்தி வாசலைப் பார்த்தார்கள்.