ஓர் உத்தரமும் ஆறடித் தலையும்

எனக்கென்று ஓர் அறை கிடைக்குமா, கிடைக்காதா என்பது கடைசியில் ஒரு பொம்மையின் மண்டையில் வந்து நின்றது.

நான் கட்டட வரைபடம் போடுகிறவள். வீட்டிலிருந்தே வேலை. வீடு என்றால் சாப்பாட்டு மேஜை. நான் கம்ப்யூட்டரைத் திறக்கும் நேரம் பார்த்துத்தான் எல்லோருக்கும் பசிக்கும். யாருடைய படுக்கையறையையோ நான் அச்செடுத்து வைத்திருப்பேன். அதன்மேல் சூடான பாத்திரத்தை இறக்கிவிட்டு, "கொஞ்சம் நகத்திக்கோம்மா" என்பார் மாமியார். எங்கள் கூரைக்கு அடியில் நல்ல வெளிச்சமான ஓர் அறை சும்மாவே கிடக்கிறது. ஏறிப்போகப் படி இல்லை, அவ்வளவுதான் குறை.

கெஞ்சிக் கூத்தாடி என் கணவரைச் சம்மதிக்க வைத்திருந்தேன். அதுவும் நிபந்தனையோடு. "இடிக்காம நடந்து ஏறுற மாதிரி படி வந்தா அது உன் ரூம். இல்லன்னா ஒரு ஏணியப் போட்டு, பெட்டி, பழைய சாமான் எல்லாத்தையும் மேல ஏத்திடலாம்." தச்சர் அன்று சாயங்காலம் படம் வாங்க வருவதாக இருந்தது. படம் கிடைத்தால் எங்கள் வேலையை முடித்துவிட்டுப் போவார், கிடைக்காவிட்டால் மறுநாளே ஒரு பெரிய ஹோட்டல் வேலைக்குக் கிளம்பிவிடுவார். அப்புறம் அவரைப் பிடிப்பது குதிரைக்கொம்பு.

காலையில் உட்கார்ந்து மென்பொருளில் படியை வரைந்தேன். வந்தது என்னவோ அந்தரத்தில் தொங்கும் ஒரு வஸ்து. மேல்தளத்தைத் தொடாமல் பாதியிலேயே நின்று என்னை முறைத்தது. தப்பு என்னுடையதுதான், மேல்தளத்தின் மட்டத்தை அதன் தரைப்பலகையின் அடிப்பக்கத்தில் வைத்துத் தொலைத்திருந்தேன். மேல்பக்கத்துக்கு மாற்றினேன், படி எட்டியது. உடனே ஒரு மஞ்சள் பெட்டி எகிறிக் குதித்தது: 'விரும்பிய படிகளின் எண்ணிக்கையும் உண்மையில் உள்ள எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை.' விரும்பியதும் உள்ளதும் எந்த வீட்டில் ஐயா ஒத்துப்போயிருக்கிறது? படியை இழுத்து நீட்டி அதன் வாயை அடைத்தேன். அடுத்து கைப்பிடி கோபித்துக்கொண்டு படியைவிட்டு இறங்கித் தரையில் படுத்துக்கொண்டது. அதையும் சமாதானம் செய்து படியோடு சேர்த்துவைத்தேன்.

அப்போதுதான் பொம்மை சிவந்தது.

படியில் ஆள் ஏறினால் தலை இடிக்காமல் இருக்க இடம், எங்கள் தொழில் பாஷையில் 'ஹெட்ரூம்', இருக்கிறதா என்று பார்க்க அந்த மென்பொருளில் ஒரு மனிதப் பொம்மை உண்டு. எவ்வளவு உயரம் என்று சொல்லிவிட்டால் அது படிப்படியாக ஏறிக் காட்டும், இடித்தால் சிவந்துவிடும். எங்கள் ஹாலின் குறுக்கே ஒரு பழைய உத்தரம் ஓடுகிறது. மொத்தக் கூரையும் அதன்மேல் உட்கார்ந்திருப்பதால் அதில் கைவைக்க முடியாது. பொம்மையின் மண்டை அந்த உத்தரத்துக்குள் இரண்டு விரல்கடை புகுந்து நின்றது.

பரணுக்கு ஏறும் வீட்டுப் படிக்கு எந்த அதிகாரியும் கணக்குக் கேட்கப்போவதில்லை. என் கணவர் கேட்பார். கல்யாணப் பேச்சின்போதே மாமியார் சபையில் சொல்லிவிட்டார், "என் பையன் ஆறடி" என்று. அன்றிலிருந்து என் சொந்தக்காரர்களுக்கு அவர் பெயரே ஆறடிதான். அவரும் பெயரைக் காப்பாற்றாமல் இல்லை. எந்த வாசலைக் கண்டாலும் குனிந்துதான் நுழைவார். யானை போகிற கல்யாண மண்டப வாசலில்கூடக் குனிவார். ஆகவே பொம்மைக்கும் ஆறடிதான் கொடுத்திருந்தேன்.

படியைச் செங்குத்தாக்கினேன், அது ஏணிக்குத் தங்கையாகிவிட்டது. உத்தரத்துக்கு அந்தப் பக்கம் தள்ளினேன். குளியலறைக் கதவு திறக்கவில்லை. வளைத்துத் திருப்பினேன், மென்பொருள் மயங்கி விழுந்தது. "ஹெட்ரூம் இல்லாத இடத்துல ஹெட்வெயிட்டுக்கு மட்டும் குறைச்சலில்ல" என்று திரையைப் பார்த்துத் திட்டினேன்.

"யாரச் சொல்ற?" என்றபடி குனிந்து சமையலறைக்குள் போனார் கணவர். "சரியா வரலன்னா விட்டுடேன். ஏணியே போதும்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மேல் அலமாரியிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுக்க மாமியாரின் முக்காலியைக் காலால் இழுத்துப் போட்டு, அதில் ஏறினார்.

அந்த அலமாரியை வரைந்தது நான். ஆறடி ஆள் தரையில் நின்றபடி எடுப்பதற்கென்றே கணக்குப் போட்டு வைத்த உயரம் அது.

அலுவலகத்தில் எனக்கு 'டேப்' என்று பெயர். நானே போய் அளக்காத எதையும் வரையமாட்டேன். சுவர் நேராக இருக்கிறது என்று கட்டியவரே தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் நம்பமாட்டேன். அப்பேர்ப்பட்ட நான் மாமியார் வாயால் சொன்ன ஒரே ஓர் அளவை மட்டும் இத்தனை வருஷமாக அப்படியே விழுங்கியிருக்கிறேன். டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"ஏங்க, கொஞ்சம் சுவரோரமா நில்லுங்க."

"எதுக்கு?"

"உங்க உயரம் வேணும்."

"அதான் ஊருக்கே தெரியுமே! டேப்பு வெச்சு அளக்க நான் என்ன ஜன்னலா?" என்றவர் டப்பாவோடு பால்கனிக்குப் போய்விட்டார். வாசலில் மறக்காமல் குனிந்தார்.

சாயங்காலம் தச்சர் வந்ததும் நான் வேறு வழியில் இறங்கினேன். உத்தரத்துக்கு நேர் கீழே முக்காலியைப் போட்டு, அதன்மேல் கனமான டைல்ஸ் கேட்டலாக்குகளை அடுக்கி, அங்கே வரப்போகிற படியின் உயரத்துக்குக் கொண்டுவந்தேன். "அண்ணே, இதுதான் படின்னு வெச்சுக்கோங்க. இவர் ஏறி நின்னு இடிச்சா ஏணி. இடிக்கலன்னா படி."

தச்சர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல என் கணவருக்குக் கூச்சம். ஏறினார். உத்தரம் அவர் உச்சந்தலையில் முட்டியது.

"பாத்தியா? நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார் உத்தரத்தோடு பேசுவதுபோல.

மேஜையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் நிமிரவேயில்லை. "டேய், குதிகால இறக்குடா" என்றார்.

எல்லோரும் அவர் பாதத்தைப் பார்த்தோம். குதிகால்கள் கேட்டலாக்கைவிட்டு எழும்பி நின்றன. மெல்ல இறங்கின. தலைக்கும் உத்தரத்துக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைகிற இடைவெளி வந்தது.

"அம்மா!"

"என்னடா அம்மா? அவளுக்கு ஒரு ரூம் ஆனாத்தான் இந்த மேஜை நமக்குக் கிடைக்கும். நான் நிம்மதியா உக்காந்து சாப்பிட்டு எத்தன காலமாச்சு!"

"அப்ப ஆறடின்னீங்களே அத்த?" என்றேன்.

"செருப்போட சொன்னேன்" என்றார் மாமியார், கீரையைவிட்டுக் கண் எடுக்காமல். "தலைமுடியும் அப்ப நல்லா தூக்கி நிக்கும்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கணவர் முக்காலியிலிருந்து இறங்கினார். இறங்கியவர் பார்வைக்கு இன்னும் உயரம் குறைந்திருந்தார். யாரையும் பார்க்காமல் கேட்டலாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். ஜெயித்துவிட்டேன்தான், ஆனாலும் பாவமாக இருந்தது. ஆனானப்பட்ட மண்டப வாசலிலெல்லாம் குனிந்த மனுஷன்.

"அப்ப படியே போட்டுடலாமாம்மா?" என்றார் தச்சர்.

"போட்டுடுங்கண்ணே. அப்புறம், இந்த உத்தரத்துல 'தலை ஜாக்கிரதை'ன்னு ஒரு பலகை மாட்டிடுங்க" என்றேன். "வீட்ல உயரமான ஆள் இருக்காரு."

கேட்டலாக்கை அடுக்கிய கை நின்றது. "பெரிய எழுத்துல போடச் சொல்லு" என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு.

படி வந்துவிட்டது. தச்சர் கதவை மட்டும் பாக்கி வைத்துவிட்டு ஹோட்டலுக்கு ஓடிவிட்டார். நான் மேலே மேஜை போட்டு உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். பாத்திரம் வைக்க யாரும் வரவில்லை. எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

கீழே படி கிறீச்சிட்டது. உத்தரம் இருக்கும் இடத்தில் காலடி ஒரு கணம் தயங்கி, மறுபடி மேலே வந்தது. கதவில்லாத நிலைச்சட்டத்தில் யாரோ விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்கள். இத்தனை வருஷத்தில் என் வேலைக்கு நடுவே வருகிறவர்கள் தட்டிவிட்டு வந்ததே இல்லை.

"யாரு?" என்றேன், அவர் முழங்கை கண்ணுக்குத் தெரிந்தாலும்.

"நான்தான். டீ கொண்டாந்தேன். உள்ள வரலாமா?"

நிலை அவர் தலைக்கு மேல் ஒரு முழம் உயரத்தில் இருந்தது. வரைந்தவள் நான்தானே.

"வாங்க" என்றேன். "பாத்து, குனிஞ்சு வாங்க."