சி டிரைவில் இடமில்லை

ராஜப்பன் டீத்தம்ளரை முதலில் வெண்மதியின் மேசையில் வைத்துவிட்டு, பிறகுதான் காவியாவின் பக்கம் வந்தார். வெறும் டீதான். ஆனால் பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இந்தக் கடையைத் திறந்த நாளிலிருந்து இருப்பவள் காவியா. ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் அவள் கைபட்டுத்தான் வளர்ந்தன. "காவியா இல்லன்னா நான் கடைய மூடிட்டு மஞ்சக்காட்டுக்குப் போவ வேண்டியதுதாங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்ன மனிதர்தான் இந்த ராஜப்பன். பொங்கல் கழித்து வெண்மதி வந்தாள். தருமபுரியில் பி.சி.ஏ. படித்தவள், வாய் நிறைய அக்கா அக்கா என்பவள். அதன்பிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது. மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த நாற்காலியும் கைமாறியது. போன வாரம் ஒரு வாத்தியார் காவியா சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தும், "அந்தப் புதுப் பொண்ணு வரட்டும், இருக்கறேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

கல்லூரிச் சேர்க்கை நேரம். ஸ்கேனர் மாட்டியிருந்த பெரிய கம்ப்யூட்டர் ஒவ்வொரு சான்றிதழுக்கும் திணறியது. சி டிரைவில் இடமில்லை என்று சிவப்புக் கோடு காட்டியது. காவியா இரண்டு நாளாகப் பழைய படங்களையும் டவுன்லோடுகளையும் அழித்துப் பார்த்தும் கோடு சிவப்பாகவே இருந்தது.

"நான் பாக்கட்டுங்களா?" என்று வெண்மதி கேட்டதும், ராஜப்பன் "நீ பாரும்மா" என்றார். காவியாவின் முகத்தை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று கட்டம் கட்டமாகக் காட்டும் ஒரு சாப்ட்வேரை வெண்மதி போட்டாள். மறைந்திருக்கும் கோப்புகளும் தெரிகிற மாதிரி மாற்றினாள். இத்தனை நாள் கண்ணில் படாமல் கிடந்த பெரிய பெரிய கட்டங்கள் திரையில் வந்து உட்கார்ந்தன. "இதப் பாருங்கக்கா, கம்ப்யூட்டர் தூங்கப் போறப்ப மெமரிய எழுதி வெக்கிற ஃபைலு. நாம தெனமும் ஷட்டவுன்தான பண்றோம், இது வேண்டாம்." அதைக் கையால் அழிக்காமல் ஒரு கட்டளை கொடுத்து அணைத்தாள்; கட்டம் காணாமல் போனது. அப்டேட் ஆனபோது தங்கிவிட்ட பழைய விண்டோஸையும் டிஸ்க் கிளீனப் வழியாகவே நீக்கினாள். பேஜ் ஃபைலைக் காட்டி, "மெமரி பத்தாதப்ப இதத்தான் சிஸ்டம் பொழங்கும், இருக்கட்டும்" என்று விட்டுவிட்டாள். குறை சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்த காவியாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கடைசியாக விண்டோஸுக்குள் ஒளிந்திருந்த இன்ஸ்டாலர் ஃபோல்டர் வந்தது. இருபது ஜிபிக்கு மேல். உள்ளே அர்த்தமில்லாத எண்ணும் எழுத்துமாகப் பெயர்கள்.

"இது என்னன்னு வெளங்கலீங்கக்கா. குப்பையாட்டம் இருக்குது. எடுத்துடலாங்களா?"

காவியாவுக்குத் தெரியும். முன்பொரு முறை அவளே இதை அழிக்கப் போய், சேலத்திலிருந்து வந்த சர்வீஸ்காரர் கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறார். பார்க்கக் குப்பை மாதிரிதான் இருக்கும், ஆனால் சாப்ட்வேர்கள் தங்களைச் சரிசெய்துகொள்ளவும் புதுப்பித்துக்கொள்ளவும் இங்கேதான் வந்து தேடும், அழித்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது, பிறகொரு நாள் நடுவழியில் நிற்கும் என்று அவர் சொன்னது நன்றாக நினைவிருந்தது. 'வேண்டாம்' என்ற ஒரு சொல் போதும். நாக்கு வரைக்கும் வந்தது. வெண்மதியின் மேசையிலிருந்த காலி டீத்தம்ளரைப் பார்த்தாள்.

"நீதான படிச்சவ. உனக்குத் தெரியாததா?"

வெண்மதி ஒருமுறை அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு திரும்பிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் சிவப்புக் கோடு நீலமாகிவிட்டது. ராஜப்பன் சூடாக பஜ்ஜி வாங்கி வந்தார். காவியா வயிறு சரியில்லை என்று சொல்லி பஸ் ஏறினாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் கடைக்குள் நுழையும்போதே வெண்மதியும் ராஜப்பனும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் சொல்லவில்லை.

விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று அது நடந்தது. சித்தேரி மலையிலிருந்து தங்கம்மாள் என்ற பெண் தன் மகளின் சான்றிதழ்களை பாலிதீன் பையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருந்தாள். மகள் காய்ச்சலில் படுத்திருந்தாள். அவர்கள் ஊரிலிருந்து நர்சிங் படிக்கப் போகிற முதல் பெண். வெண்மதி ஸ்கேனரைத் திறந்தாள். தேவையான கோப்பு இருந்த இடத்தில் இல்லை என்று ஒரு பெட்டி வந்து நின்றது. மூடினால் மறுபடியும் வந்தது. செல்போனில் படமெடுத்து ஏற்றிப் பார்த்தார்கள். எழுத்து தெளிவில்லை என்று தளம் திருப்பித் தள்ளியது. பின்னால் வரிசை நீண்டது.

"என்னம்மா பண்ணி வெச்ச? நல்லா ஓடிக்கிட்டிருந்த மெஷினு!" ராஜப்பன் எல்லோர் முன்னாலும் கத்தினார். வெண்மதியின் காது மடல் சிவந்தது. காவியாவின் நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது. இத்தனை மாதமாகக் காத்திருந்தது இதற்குத்தான் என்பதுபோல. அப்போது தங்கம்மாள் காவியாவின் மேசையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இன்னிக்கி ஆவாதுங்களாம்மா? புள்ளகிட்ட என்னன்னு போயிச் சொல்றது?"

அந்த இனிப்பு அப்படியே கசந்தது. காவியா எழுந்து வெண்மதியிடம் போனாள். "அந்த இன்ஸ்டாலர் ஃபோல்டர்தான் காரணம். அழிச்சிட்டியில்ல? இனிமே எல்லாத்தையும் புதுசா போடணும். பொழுது போயிரும்."

"அழிக்கலீங்கக்கா." வெண்மதி தன் பையிலிருந்து ஒரு சிறிய ஹார்ட் டிஸ்க்கை எடுத்தாள். "இதுல நவுத்தி வெச்சிருக்கறேன்."

"ஏன்?"

வெண்மதி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் எது செஞ்சாலும் அது நொட்ட இது நொட்டன்னு எதுனா சொல்லுவீங்க. அன்னிக்கி மட்டும் ஒண்ணும் சொல்லலீங்க. அதான் பயமாயிருச்சு."

காவியா அவள் முகத்தைப் பார்க்காமல் வயரை எடுத்து நீட்டினாள். ஹார்ட் டிஸ்க்கை மாட்டி இருவரும் கோப்புகளைப் பழைய இடத்துக்கே நகலெடுத்தார்கள். பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. "இப்பவாவது சொல்லுங்க, என்னதான் தப்பாச்சு?" என்று ராஜப்பன் வந்து நின்றார். காவியா வாயைத் திறப்பதற்குள் வெண்மதி சொன்னாள்: "நாந்தாங்கண்ணா. தொடக்கூடாதத தொட்டுட்டேன். அக்காதான் கண்டுபுடிச்சாங்க."

"பாத்தியா, அனுபவம்னா அனுபவம்தான்" என்று ராஜப்பன் காவியாவைப் பார்த்துச் சிரித்தார். எத்தனையோ மாதம் கழித்து வந்த சொல். அதை வாங்கி வைக்க அவளுக்குள் இடமே இல்லை. வெண்மதி காட்டிக்கொடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை, சண்டை போட்டிருக்கலாம். இதிலும் அவளே மேலே போய்விட்டாள் என்ற எண்ணம்தான் மற்ற எல்லாவற்றையும்விட எரிந்தது. நானே அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்று நினைத்தாள். அப்போதும் பெருந்தன்மை யாருடையது என்று மனம் கணக்குப் போட்டதைக் கண்டு அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

ஸ்கேனர் உயிர்பெற்றது. தங்கம்மாளின் தாள்களைக் காவியாவே ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் வைத்தாள். வெண்மதி பக்கத்திலிருந்து ஏற்றினாள். விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததற்கான தாள் பிரிண்டரிலிருந்து வந்ததும் தங்கம்மாள் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாவிட்டாலும் வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு கூடையிலிருந்து பலாச்சுளை மடித்த இலைப்பொட்டலம் ஒன்றை எடுத்துக் காவியாவின் கையில் வைத்து அழுத்தினாள். "நீ நல்லாருக்கணும் கண்ணு" என்று சொல்லிவிட்டு, சித்தேரி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

பலாவின் மணம் கடை முழுக்க எழுந்தது. வெண்மதி திரும்பவில்லை. அடுத்த ஆளின் பெயரைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். காவியா பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு மேசைகளும் ஒட்டுகிற இடத்தில், இன்னாருக்கு என்று சொல்ல முடியாதபடி வைத்தாள். தெருவிலிருந்து ஒரு தேனீ உள்ளே வந்து, மஞ்சள் சுளைகளின் மேல் சுற்றிச் சுற்றிப் பறந்தது; எதிலும் உட்காரவில்லை.