நீர்க்காகத்தின் நாவடி

நீர்க்காகத்துக்கு எச்சில் தேவையில்லை. மீன் தானே வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்கிவிடும். அதனால் அதன் வாயில் எச்சில் சுரப்பி இல்லை; இருந்தாலும் பேருக்குத்தான். பறவைகளின் வாயைப் பற்றி அக்கா ஓய்வு பெறும்வரை இப்படித்தான் பாடம் நடத்தினாள்.

தங்கை நுண்ணோக்கியில் வைத்த நீர்க்காக ஸ்லைடில் சுரப்பி இருந்தது. நாவின் அடியில், சாயம் ஏறிச் சிவந்து, கொத்தாக. கால்நடைக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் அவள் தனியாக வேலை செய்கிறாள். காட்ட ஆளில்லை. படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினாள். அக்கா உடனே கூப்பிட்டாள்.

அக்கா வேறு நாட்டில் இருக்கிறாள். வீட்டில் யாராவது பிறந்தாலோ செத்தாலோதான் பேச்சு. அம்மா போன பிறகு அதுவும் இல்லை. இப்போது தினமும் சாயங்காலம் கூப்பிட்டாள்.

“எப்படி இருக்கா உன் நீர்க்காகம்?”

“நல்லா இருக்கா.”

“இத்தனை வருஷம் பசங்களுக்கு இல்லை, இல்லைன்னு சொல்லிக் குடுத்தேன்டி. என் மானத்தை வாங்கிட்டா, சனியன்.”

“அவ உன் கிளாஸுக்கு வரல போல.”

அக்கா சிரித்தாள். அவள் இப்படிச் சிரிப்பாள் என்பதையே தங்கை மறந்திருந்தாள்.

“அடுத்த சீவல்லயும் இருக்குல்ல?”

“இன்னும் சீவல. பிளேடு வரல.”

பிளேடு இழுப்பறையில் பிரிக்காத பெட்டியில் இருந்தது.

நாக்கு மெழுகுக் கட்டிக்குள் இருக்கிறது. அதைத் தாளைவிட மெல்லிதாகச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்தி எடுக்க வேண்டும். ஒரு பறவை முடிந்து அடுத்ததைத் தொடங்கும் முன் தண்ணீரின் மேற்பரப்பைக் காகிதத்தால் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் முந்தையதன் துணுக்கு அடுத்ததன் மேல் வந்து ஒட்டிக்கொள்ளும். அன்று நீர்க்காகத்துக்கு முன் கோழியின் வாய்க்கூரையைச் சீவியிருந்தாள். கோழி வாயில் சுரப்பிக்குப் பஞ்சமில்லை. துடைத்த நினைவு அவளுக்கு இல்லை.

இன்னொன்றும் இருந்தது. நாக்கின் தசை தெளிவாகத் தெரியும்போது சுரப்பி மங்கியது. அதைப் பார்க்க நுண்ணோக்கியின் திருகை ஒரு துளி திருப்ப வேண்டியிருந்தது. ஒன்றின் மேல் இன்னொன்று கிடந்தால் அப்படி ஆகும். முதல் நாளே கவனித்தாள். படத்தை அனுப்பிய பிறகு.

கட்டியை மறுபடி சீவினால் தெரிந்துவிடும். அவள் சீவவில்லை.

சுரப்பியில் தொடங்கும் பேச்சு எங்கெங்கோ போயிற்று. அக்காவின் முட்டி வலி. அத்தானின் குறட்டை. மருமகள் தலைமுடியைப் பச்சையாக்கிக்கொண்டு வந்து நின்றது. தங்கை கைப்பேசியை மேடையில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவினாள்.

“ஒத்தைத் தட்டைக் கழுவ இவ்வளவு நேரமாடி?”

தங்கை குழாயை மூடிவிட்டு ஈரக் கையோடு கேட்டுக்கொண்டு நின்றாள்.

ஒரு நாள் அக்கா, “நம்ம சுரப்பியைப் பத்தின கட்டுரை எழுதி முடிச்சுட்டேன், குட்டி” என்றாள். “உன் பேரு முதல்ல. நாளைக்கு ஜர்னலுக்கு அனுப்பிடுறேன்.”

“ஒரு நாள் பொறு.”

“எதுக்கு?”

“பிளேடு வந்துடுச்சு.”

மறுநாள் சீவினாள். ஒவ்வொரு சீவலாக ஏந்தி, சாயமேற்றிப் பார்த்தாள். தசை, குருத்தெலும்பு, தடித்த தோல். சுரப்பி எதிலும் இல்லை. அன்றைய கோழி ஸ்லைடை எடுத்து வைத்தாள். அதன் ஓரத்தில் ஒரு துணுக்கு பிய்ந்திருந்தது. நீர்க்காகத்தின் நாவடியில் கிடந்ததன் வடிவம் அதற்குச் சரியாகப் பொருந்தியது.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

“அக்கா, அது கோழி.”

“எது கோழி?”

“சுரப்பி. தண்ணியில மிதந்து வந்து ஒட்டியிருக்கு.”

“துடைக்கலையா? முதல் வருஷப் பசங்க பண்ற தப்புடி இது.”

“ஆமா.”

“எப்போ தெரியும் உனக்கு?”

“அன்னைக்கே சந்தேகம்தான். பிளேடும் இருந்துச்சு.”

“அப்புறம் ஏன் வாயைத் திறக்கல?”

“நீ தினம் கூப்பிட்டே.”

அக்கா, “எத்தனை பேர்கிட்ட பீத்தியிருக்கேன் தெரியுமா” என்றாள். வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. தங்கை சாப்பிட்டாள், கழுவினாள், கை துடைத்தாள். அதன் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. நின்றுகொண்டே எண்ணை அழுத்தினாள்.

“என்ன? வேற ஏதாவது அகப்பட்டுச்சா?” அக்காவின் குரலில் இன்னும் காரம் இருந்தது.

“ஒண்ணும் அகப்படல.”

“பின்ன?”

“சும்மாதான்.”

சும்மா கூப்பிடும் வழக்கம் அவர்கள் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. அக்கா மூச்சு விடுவது கேட்டது.

“அடுப்புல பால் இருக்கு” என்றாள். “இரு. வெச்சுடாதே.”

கைப்பேசியை எதன் மேலோ வைக்கும் சத்தம். முட்டி வலிக்காரியின் நடை, மெல்ல விலகிப் போனது. பிறகு எதுவும் கேட்கவில்லை. தங்கை காதிலிருந்து கைப்பேசியை எடுக்கவில்லை.