வெறுஞ்சாக்கின் எடை

"வெறுஞ்சாக்கு எத்தன கிலோங்க ஐயா?"

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்து நிறுக்கும் இடத்தில், சின்னப்பிள்ளையாக இருந்த கிருஷாந்தி கணக்கப்பிள்ளையிடம் கேட்ட கேள்வி இது. யார் சாக்கானாலும் சாக்கின் எடையென்று இரண்டு கிலோ கழிப்பது அங்கே வழக்கம். அம்மா பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். தராசு பிடித்த முத்துலிங்கம் மட்டும் ஒரு வெறுஞ்சாக்கை எடுத்துக் கொக்கியில் மாட்டினார். முள் ஒரு கிலோவைக்கூடத் தொடவில்லை. மறுநாள் அவரைத் தராசிலிருந்து எடுத்து, மழைத்தண்ணீர் ஓடும் கான் வெட்ட அனுப்பிவிட்டார்கள்.

கிருஷாந்தி இப்போது கொழும்பில் பொறியியலாளர். விண்வெளியிலேயே துண்டு துண்டாகக் கட்டப்படும் கலம், ஒவ்வொரு துண்டு சேரும்போதும் திசை தவறாமல் நிற்க வேண்டும். அதற்கான நிரல் அவளுடையது. துண்டு சேர்ந்ததும் கலத்தை லேசாகத் திருப்பி, கலம் திரும்பும் விதத்திலிருந்து புதிய பாரத்தை அந்த நிரல் தானே கண்டுகொள்ளும்.

"அந்தத் திருப்பிப் பாக்குற வேலையத் தூக்கிடுங்க," என்றான் குழுத்தலைவன் தர்ஷன். "நேரம் போகுது. எடைதான் தாள்ல இருக்கே."

"நிறுத்துப் பாத்த எடையா?"

"செய்தவங்க சொன்ன எடை."

"அப்ப தூக்க மாட்டேன்."

"நாளைக்குச் சோதனையப் பாக்க ஆள் வராங்க. இப்படி அடம் பிடிச்சா உங்க இடத்துல வேற ஆளத்தான் போடணும்."

"போடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு துண்டுக்குள்ள உங்க இஷ்டத்துக்குப் பாரம் வைங்க. எனக்குச் சொல்லாதீங்க."

தர்ஷன் சிரித்துக்கொண்டே ஒரு துண்டின் ஓரத்தில் அலுமாரிப் பூட்டை ஒளித்து வைத்தான்.

சோதனைக்கூடத்தில் காற்று மெத்தையில் மிதந்த மாதிரிக் கலத்தோடு அந்தத் துண்டைச் சேர்த்தார்கள். தாளிலிருந்த எடையை நம்பியபோது அது, நேராகப் பார்த்து நிற்க வேண்டிய குறிவிளக்கைத் தாண்டித் தாண்டி ஆடிக் கடைசியில் சுவரைப் பார்த்து நின்றது. கிருஷாந்தியின் முறையில் லேசாக அசைந்தது. கொஞ்சம் யோசிப்பதுபோல் தயங்கியது. பிறகு விளக்கை நேராகப் பார்த்தது.

"பூட்ட எந்தக் கடையில வாங்கினேன்னும் சொல்லுமோ?" என்றான் தர்ஷன்.

"கேட்டுப் பாருங்க."

"சரி தாயே. அந்தத் திருப்பிப் பாக்குற வேலையும் இருக்கட்டும், நீங்களும் இருங்க."

கோயில் திருவிழாவுக்கு அவள் ஊர் வந்தபோது மழை. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயம் முழுக்கத் தேருக்குப் போயிருந்தது. முத்துலிங்கத்தின் வீட்டுக்குப் பின்னால் கான் மண்ணால் அடைபட்டு, தண்ணீர் அவர் வாசற்படிவரை ஏறியிருந்தது. முழங்கால் வலியோடு அவரால் இனிக் குனிய முடியாது.

வெறுஞ்சாக்கைத் தூக்கிய அந்தக் கையைச் சாமி கும்பிடும்போதெல்லாம் அவள் நினைத்துக்கொள்வாள். கேட்டவள் அவள், கான் வெட்டப் போனவர் அவர்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கானில் இறங்கினாள். தண்ணீர் கலகலவென்று ஓடும்வரை வெட்டினாள். பிறகு அவருடைய மண்வெட்டியைக் கழுவி, இருந்த இடத்திலேயே சாய்த்து வைத்துவிட்டுத் தேர் பார்க்கப் போனாள்.