மணல் போடாத மேல்பூச்சு

இடுப்பு பிடித்துக்கொண்டால் மனிதன் துருப்பிடித்த மடக்குக்கத்தி ஆகிவிடுகிறான். நிமிர்த்தவும் முடியாது, மடக்கவும் முடியாது. பீப்பாய்க்கு அன்று காலை அந்த நிலைமைதான். சுவரைப் பிடித்து, கட்டிலைப் பிடித்து, கடைசியில் மனைவியின் தோளைப் பிடித்துத்தான் எழுந்தான்.

"இன்னைக்கு லீவு சொல்லிடுங்க," என்றாள் மனைவி.

"சொன்னா முதலாளி நாளைக்கும் சேத்து லீவு குடுப்பாரு. அப்புறம் ஒரேயடியா குடுத்துடுவாரு."

பீப்பாய் என்பது வேலையிடத்தில் வைத்த பெயர். வயிறு ஒரு காரணம். வாலிபத்திலிருந்து தார்ப் பீப்பாய்களோடு கட்டிப் புரண்டது இன்னொரு காரணம். புதுத் தார்த் தளம் போடுகிறவன் அல்ல அவன். போட்ட தளத்தைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்கிறவன். விரிசலைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, காயவைத்து, காய்ச்சின தாரை ஊற்றி அடைப்பது, குழியை வெட்டி எடுத்து ஒட்டுப்போடுவது, பிறகு மொத்தத் தளத்துக்கும் கறுப்புப் பூச்சு அடிப்பது, இதுதான் வேலை. வெயில் தாரை உலர்த்தும், உலர்ந்தது வெடிக்கும், வெடிப்பில் தண்ணீர் இறங்கும். தண்ணீர் இறங்கிய தளம் கரையான் ஏறிய கதவு மாதிரி, தட்டினால் உள்ளே ஒன்றும் இருக்காது. காலத்தில் பூச்சு அடித்தால் பத்து வருஷத் தளம் இருபது வருஷம் உழைக்கும். இதை அவன் யாரிடம் சொல்லாமல் விட்டான்? டீக்கடைக்காரனுக்குக்கூட மனப்பாடம்.

அன்றைய வேலை ஒரு பெரிய மரச்சாமான் கடையின் வண்டி நிறுத்துமிடம். அந்த வேலையே அண்ணியால் வந்தது. பீப்பாயின் அண்ணன் செத்த பிறகு அண்ணி அவன் வீட்டின் பின் அறையில்தான் இருந்தாள். அந்தக் கடை முற்றத்தைப் பெருக்குவது அவள். தளம் வெடித்துக் கிடக்கிறதே என்று மேனேஜர் புலம்பியபோது, "எங்க கொழுந்தன்கிட்ட விடுங்க சார். அவன் பூசினா எறும்பு கூட செருப்பக் கழட்டிட்டுத்தான் நடக்கும்," என்று சொல்லி வேலையை வாங்கிக் கொடுத்தவள் அவள்தான்.

விரிசல்களை முந்தின நாளே அடைத்திருந்தார்கள். இன்று இரண்டு பூச்சு. லாரியில் இருக்கும் பூச்சுக் கரைசல் தொட்டியில் சலித்த மணலைக் கொட்டிக் கலக்க வேண்டும். மணல் இருந்தால்தான் பூச்சு சொரசொரப்பாகக் காயும், ஈரத்தில் காலுக்கும் டயருக்கும் பிடிமானம் கிடைக்கும். ஆனால் மணல் மூட்டையைத் தோளில் ஏற்றி ஏணிப்படியில் ஏறித் தொட்டி வாயில் கவிழ்க்க வேண்டும். பூச்சைத் தெளிக்கும் குழாயின் மூக்கை மணல் அடைத்துக்கொண்டால் குனிந்து கழற்றிக் கழுவ வேண்டும்.

முதல் பூச்சுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினான். ஒவ்வொரு மூட்டைக்கும் இடுப்பில் ஒரு ஆணி இறங்கியது. குழாய் மூக்கு இரண்டு முறை அடைத்தது. மத்தியானத்துக்குப் பிறகு இரண்டாம் பூச்சுக்குத் தொட்டியை நிரப்பிவிட்டு மூட்டைகளைப் பார்த்தான். மூட்டைகளும் அவனைப் பார்த்தன.

லாரியில் சாய்ந்து கிடந்த டிரைவரைக் கூப்பிட்டிருக்கலாம். வந்திருப்பான். வந்துவிட்டு, "என்ன பீப்பாய், ஓட்டை விழுந்துடுச்சா?" என்று சாயங்காலம் முதலாளி காதில் போட்டிருப்பான். முதலாளி ஏற்கெனவே இளசுகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

"மணல் போட்டாச்சா?" டிரைவர் கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"ஆச்சு."

ஒரே சொல். கீழே மணல் இருக்கிறது, மேலே இல்லாவிட்டால் என்ன, குடியா முழுகிவிடும் என்று நினைத்தான். மூட்டைகளைச் சாக்கு போட்டு மூடி லாரியின் பின்மூலைக்குத் தள்ளினான். மூக்கு ஒருமுறைகூட அடைக்கவில்லை. பூச்சு பட்டாக இறங்கியது.

கயிறு கட்டி ஒரு நாள் காயவிட்டுத் திறந்தபோது மேனேஜர் அசந்துபோனார். "யோவ், இதுல முகம் பாத்து ஷேவ் பண்ணலாம் போலிருக்கே!"

அண்ணிக்குப் பெருமை தாங்கவில்லை. "சொன்னேனா இல்லையா?" என்று துடைப்பத்தை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

பளபளப்பு நல்லதல்ல என்று அங்கே தெரிந்தவன் ஒருவன்தான். அவனும் சிரித்துக்கொண்டு நின்றான்.

மழை உடனே வரவில்லை. அதனால் அவனும் மறந்துவிட்டான். மறக்க வேண்டும் என்று நினைத்தால் மனசு என்ன வேலைதான் செய்யாது! பிறகு ஒரு காலை தூறல் போட்டது. குப்பைக் கூடையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்த அண்ணி, அவளே பின்னால் சொன்னதுபோல "வாழைப்பழத் தோல்ல கால் வச்ச மாதிரி" சறுக்கி விழுந்தாள். ஊன்றியது வலது கை. மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டினார்கள்.

பீப்பாய் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கடை முற்றத்தில் இறங்கினான். தூறல் நிற்கவில்லை. காலை வைத்து இலேசாகத் தள்ளினான். பூட்ஸ் எண்ணெய்ச் சட்டியில் போட்டது போல வழுக்கிக்கொண்டு போனது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றான். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத இடத்தில் நிற்கிறவன் எப்படி நிற்பானோ, அப்படி.

"எல்லாம் இந்தப் பாழாப்போன செருப்பால வந்தது தம்பி," என்றாள் அண்ணி, கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு. "அடி தேஞ்சு அப்பளமா இருந்துச்சு. மாத்தணும் மாத்தணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். சோம்பேறித்தனம். எனக்கு வேணும்."

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. பக்கத்தில் மனைவி, எதிர்க் கட்டிலில் யாரோ, வாசலில் நர்ஸ். "விடுங்க அண்ணி," என்றான்.

மறுநாள் அவளுக்குப் புதுச் செருப்பு வாங்கி வந்தான். அடியில் ஆழமாக வரி வெட்டின உயர்ந்த ரகம். அண்ணி அதை இடது கையால் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் காட்டினாள். "கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான்." அவள் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவன் தண்ணீர் குடிக்க எழுந்து போனான். "என்னங்க, சர்க்கரை வந்துடுச்சா?" என்று மனைவி கேட்டாள்.

மூன்று இரவு தூக்கம் இல்லை. அண்ணியைப் பற்றிய நினைப்பு ஒரு பக்கம், அடுத்த மழையில் விழப்போகிறவர் யார் என்பது இன்னொரு பக்கம். கர்ப்பிணியா, குழந்தையைத் தூக்கினவனா? ஒன்றைச் சரிசெய்யத் தெரியாதவன் இன்னொன்றைச் சரிசெய்யப் போனான். கைக்குத் தெரிந்தது அதுதானே.

கடை மூடியிருக்கும் நாளில் மேனேஜருக்குப் போன் போட்டான். "சார், பூச்சு ஒரு இடத்துல லேசா எடுக்குது. எங்க கியாரண்டியில இன்னொரு கோட்டு அடிச்சுத் தரேன். காசு வேண்டாம்."

"உன்ன மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான்யா மழை பெய்யுது," என்றார் மேனேஜர். அது வேறு.

டிரைவரைக் கூப்பிடவில்லை, லாரியைத் தானே ஓட்டிப் போனான். மிச்சமிருந்த ஒரு பீப்பாய் கரைசலும் அந்தச் சாக்கு மூடின மூட்டைகளும் இருந்தன. தனியாக ஏற்றினான், தனியாகக் கலக்கினான். மூட்டைகளைச் சின்ன வாளியில் பிரித்துப் பிரித்துக் கொட்டினான். இதை அன்றைக்கே செய்திருக்கலாம் என்பது இடுப்பு வலியைவிட அதிகமாகக் குத்தியது. மூக்கு அடைத்தபோதெல்லாம் குனிந்து கழுவினான். பொழுது சாய்வதற்குள் முற்றம் முழுக்கப் பளபளப்பு செத்து, உப்புத்தாள் போலச் சொரசொரத்தது. முதலில் காய்ந்த ஓரத்தில் தண்ணீர் தெளித்துப் பூட்ஸால் தள்ளிப் பார்த்தான். பிடித்தது. அழுகை வந்தது. யாரும் இல்லை, அழுதான். அன்று ராத்திரி தூங்கவும் செய்தான்.

இரண்டு நாள் கழித்து வேலையிலிருந்து வந்தபோது பின் அறையில் அண்ணியும் மனைவியும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பேசாத அண்ணியை அவன் பார்த்ததே இல்லை.

மனைவிதான் சொன்னாள். கடைக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதாம். கடை வளாகத்தில் விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவும், கை சேரும் வரை சம்பளமும் தருவார்களாம். ஆனால் தளத்தில் குறை இருக்க வேண்டும். இன்று இன்சூரன்ஸ்காரர் ஏதோ கருவியைக் கொண்டுவந்து தளத்தை நனைத்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறார்.

"அருமையான தளம்னு சொல்லிட்டாராம்," என்றாள் மனைவி. "இதுல வழுக்கி விழணும்னா வேணும்னே விழுந்தாத்தான் உண்டாம். அதோட, அண்ணியே செருப்பு தேஞ்சதுன்னு வாக்குமூலம் குடுத்திருக்காங்கல்ல. ஒண்ணும் கிடையாதுன்னுட்டாங்க. பெருக்குற வேலைக்கும் வேற ஆளப் போட்டாச்சு."

"உன் வேலைய யாரு தம்பி குறை சொல்ல முடியும்?" என்றாள் அண்ணி. சிரிக்கப் பார்த்தாள். "அவ்வளவு நல்லா பண்ணிவச்சிருக்க. என் தலையெழுத்து."

பீப்பாய் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். யாரும் விழக்கூடாது என்று அடித்த பூச்சு, விழுந்தவளின் ஒரே சாட்சியை மூடிவிட்டது. தன் கையாலேயே, காசு வாங்காமல், சுத்தமாக.

"செருப்பு இல்ல அண்ணி."

"என்னது?"

"மேல்பூச்சுல மணல் போடல. நான்தான் போடல. இடுப்பு பிடிச்சிருந்துச்சு. யாரையும் கூப்பிடாம விட்டுட்டேன். அது வழுக்கித்தான் நீங்க விழுந்தீங்க. இப்ப அங்க இருக்கற சொரசொரப்பு, நீங்க விழுந்ததுக்கு அப்புறம் நான் போய் அடிச்சது."

மனைவி வாயில் கையை வைத்துக்கொண்டாள். அண்ணி கட்டுப்போட்ட கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஒரு வாரமா அந்தச் செருப்பத் திட்டிக்கிட்டு இருக்கேன்டா," என்றாள். அவனை அவள் 'டா' போட்டதில்லை. "வாயில்லாத செருப்பு. நீ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்த. புதுசு வேற வாங்கிக் குடுத்த!"

"தப்புதான் அண்ணி. பெரிய தப்பு. மன்னிச்..."

"நிறுத்து. எங்கிட்ட சொன்னா உன் பாரம் இறங்கும். என் கை சேருமா? நாளைக்கு எனக்கு யாரு சோறு போடுவா?"

"நான் இருக்கேன் அண்ணி. கடைசி வரைக்கும்..."

"உன் சோறு எனக்கு எதுக்கு? என் சோத்த நான் பெருக்கித் தின்னுக்கிட்டு இருந்தவ." குரல் உயரவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. "அந்த இன்சூரன்ஸ் ஆளுகிட்ட போய்ச் சொல்லு. எனக்குச் சொன்னத அப்படியே சொல்லு."

"சொன்னா முதலாளி என்னை உடனே..."

"ஆமா. தூக்கிடுவாரு. என்னை இன்னைக்கே தூக்கிட்டாங்க."

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். யார் பக்கம் பேசுவது என்று அவளுக்கே தெரியவில்லை போலிருக்கிறது, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலை அவன் முதலில் போனது முதலாளியிடம். கோழைக்கு எப்போதும் ஒரு சுற்றுவழி தெரியும். முதலாளி முழுக்கக் கேட்டார். பல் குத்திக்கொண்டே கேட்டார்.

"இப்ப தளம் எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

"டெஸ்ட்டுல பாஸா?"

"பாஸ்."

"அப்ப என்னய்யா உனக்குப் பிரச்சனை? ஊர்ல எல்லாரும் தப்ப மறைப்பாங்க. நீ தப்பச் சரிபண்ணியே மறைச்சிருக்க, எமகாதகன்." தட்டிக்கொடுத்தார். பிறகு கை தோளிலேயே இருந்தது. "வெளிய போய் உளறின, மணல் போட்டேன்னு டிரைவர்கிட்ட நீ சொன்னத அவன் வந்து சொல்லுவான். பொய் சொன்னது நீயா ஆகும். அண்ணிக்காகக் கத கட்டுறேம்பாங்க. யோசிச்சுக்க."

அது உண்மை என்பதுதான் கொடுமை. அன்று சொன்ன பொய் இன்று உண்மையின் காலை வாரிவிடக் காத்திருந்தது.

மேனேஜரிடமிருந்து இன்சூரன்ஸ்காரரின் நம்பரை வாங்கினான். லாரி மறைவில் நின்று போன் அடித்தான். மணி போனது. எடுத்துவிடக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிட்டார்.

"ஹலோ, யாரு?"

பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம், தட்டச்சு சத்தம், சாதாரண அலுவலகத்தின் சத்தம்.

"ஹலோ? யாருங்க பேசுறது?"

"ராங் நம்பர் சார்," என்றான் பீப்பாய்.

சாயங்காலம் அண்ணி எதுவும் கேட்கவில்லை. இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டு நழுவிக்கொண்டே இருந்தது. மனைவி பிடிக்கப் போனாள், வேண்டாம் என்று தலையாட்டினாள். அவன் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பார்த்ததிலேயே தெரிந்துகொண்டு மறுபடியும் தட்டைப் பார்த்தாள்.

சொல்ல வேண்டியது நீளமானதும் அல்ல. மேல்பூச்சில் மணல் போடவில்லை, போடாதவன் நான், அவள் விழுந்தது அதனால்தான். இவ்வளவுதான். இதை அந்த மனிதரின் மேஜைக்கு முன்னால் நின்று, தன் வாயால், யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சொல்ல வேண்டும். அண்ணிக்கு அவன் பட்டிருக்கும் கடன் அது. இன்றுவரை அவன் அதைக் கொடுக்கவில்லை.