பதினொரு டன் நானூறு கிலோ

ராணுவ லாரிகள் மறிக்கப்பட்ட நாளில் எடைமேடைக்காரியின் எடை பதினொரு டன் நானூறு கிலோ. அன்று காலை எட்டு மணிக்கு அது ஐம்பத்திரண்டு கிலோதான். எட்டு மணிக்கு அவள் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே முக்காலி போட்டுக்கொண்டு அவள் கணவர் அவளுடைய வலது கை நகங்களை வெட்டிக்கொண்டிருந்தார். இடது கையில் இரண்டு விரல்கள் பழைய விபத்தொன்றில் மடங்காமல் போயிருந்தன, அதனால் கல்யாணமான நாள் முதல் அந்த வேலை அவருடையது. டயர் கழற்றிக் காய்த்துப்போன கை. சுண்டுவிரலுக்கு வரும்போது, "ஆட்டாத, அப்புறம் வெட்டுறதுக்கு விரலே இருக்காது" என்பார். அன்றும் சொன்னார். பிறகு துணுக்குகளை ஒரு காகிதத்தில் கூட்டி எடுத்துப் போட்டுவிட்டு, வழக்கமான செருப்பை விட்டு ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஓட வேண்டி வரலாம் என்று நினைத்துத்தான் ஷூ என்பது அவளுக்குப் புரிந்தது. 

போருக்கு அப்போது மூன்றாவது வருடம். எதற்காக ஆரம்பித்தது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். யார் யார் வீட்டுக்கு ராணுவத்தின் பழுப்பு உறை வந்தது என்று கேட்டால் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். டயர்க்கடை வைத்திருந்த அவள் கணவரின் அக்கா வீட்டுக்கு ஒரே மாதத்தில் இரண்டு வந்தன. வாரத்துக்கு இரண்டு முறை, பீரங்கிக் குண்டு ஏற்றிய லாரிகள் ஊருக்குள் வந்து ஆற்றுப்பாலத்தைத் தாண்டிப் போகும். பாலம் பழையது. ஒரு சிமெண்ட் லாரி நடுப்பாலத்தில் உடைத்துக்கொண்டு தொங்கியதிலிருந்து பதினெட்டு டன்னுக்கு மேல் எதுவும் ஏறக்கூடாது என்று உத்தரவு. எவ்வளவு அவசரமான லாரியும் பாலத்துக்கு முன்னால் இருக்கிற எடைமேடையில் ஏறி நின்று சீட்டு வாங்கியாக வேண்டும். இரண்டு பக்கமும் கல்சுவர், சுற்றிக்கொண்டு போக வழியில்லை. கண்ணாடி அறைக்குள்ளிருந்து சீட்டு அடித்துக் கொடுப்பது பதினாறு வருடமாக அவள் வேலை. மேடை காலியாகித் திரையில் பூஜ்யம் விழுந்தால்தான் அடுத்த சீட்டு அடிக்கும். இயந்திரத்தின் குணம் அது.

எல்லாம் அவள் வாயால் வந்த வினை. ஒருநாள் சாப்பிடும்போது, மேடையில் நாயொன்று படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்ததைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். "ஒரு சொறிநாய்க்காக ராணுவமே கால்மணி நேரம் நின்னுச்சு, தெரியுமா?" அவர் கையில் எடுத்ததைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "நாய்க்கே நிக்குதா?" என்றார். அதற்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த வாரமே பல் டாக்டர் வீட்டில் நாலு பேர் கூடினார்கள், அடுத்த வாரம் பதினைந்து பேர். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். அவளோ பிறவியிலேயே பயந்தவள். தெருவில் வண்டி நின்றால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். தெரியாத ஆள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவர் கூட்டத்துக்குப் போகிற நாட்களில், திரும்பி வரும் வரைக்கும் அவள் கழுவிய பாத்திரத்தையே கழுவிக்கொண்டிருப்பாள்.

காலை ஒன்பதரை மணிக்கு நாற்பத்துமூன்று பேர் வந்து மேடையில் உட்கார்ந்தார்கள். கோஷம் கிடையாது, கொடி கிடையாது. கண்ணாடி அறைக்குள்ளிருந்து அவள் திரையைப் பார்த்தாள்: இரண்டு டன் முந்நூற்றுப்பத்து கிலோ. கல்சுவருக்கு அந்தப் பக்கம் பத்தொன்பது லாரிகள் வரிசையாக நின்று புகை விட்டன. பத்து மணிக்குப் போலீஸ் வந்தது. தலைக்கவசமும் கேடயமுமாக இறங்கியவர்களில் அவளுடைய சொந்தத் தம்பியும் ஒருவன். அக்காவைப் பார்க்காத மாதிரி வேனின் பின்கதவருகே போய் நின்றுகொண்டான். வெளியூரிலிருந்து வந்திருந்த அதிகாரி ஒலிபெருக்கியில் பத்து நிமிடம் அவகாசம் கொடுத்தார். அந்தப் பத்து நிமிடத்தில், யாரும் எழுந்து போகாமலே, திரையில் எடை குறைந்துகொண்டே வந்தது. ஆயிரத்து எண்ணூறு. ஆயிரத்து நூறு. எழுநூறு. கருவிதான் கோளாறு என்று நினைத்து அவள் அதன் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினாள்.

கருவியில் கோளாறு ஒன்றுமில்லை. பயம் விட்டவர்களுக்கு எடை விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். பல் டாக்டரைத் தூக்க நாலு கான்ஸ்டபிள்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். அவர் காலிச் சாக்கு போல வந்துவிட்டதில் நாலு பேரும் மல்லாக்க விழுந்தார்கள். "மெதுவாப்பா, உனக்குக் கடவாப்பல்லு புடுங்குன கை இது" என்று அவர் அதில் ஒருவனிடம் சொல்ல, மேடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்ததும் இன்னும் ஐம்பது கிலோ குறைந்தது. அதன் பிறகு ஓர் ஆளுக்கு ஒரு கான்ஸ்டபிளே போதும் என்று தூக்கி வேனில் போட்டார்கள். கடைசியாக டயர்க்கடைக்காரர். அவரைத் தொட்ட கான்ஸ்டபிள் மிகவும் இளவயது. கையை வைத்ததுமே அவர் தானாகத் தரையை விட்டு இரண்டு சாண் எழும்பிவிட்டார். "என்னப்பா பாக்குற, காத்தடிச்சு வச்ச டயருன்னு நெனச்சுக்க" என்றார். அந்த இளைஞன் வெலவெலத்துப்போய், என்ன செய்கிறோம் என்று தெரியாமல், தடியை ஓங்கி அவர் பின்னந்தலையில் அடித்தான். காய்ந்த கட்டையில் அடிக்கிற சத்தம் கேட்டது. ஒரு ஷூ கழன்று விழுந்தது. தம்பிதான் அவரைக் காற்றில் பிடித்து வேனுக்குள் படுக்கவைத்தான். திரையில் பூஜ்யம் விழுந்தது.

"சீட்டு அடிம்மா" என்று அதிகாரி கண்ணாடியைத் தட்டினார். அவள் எழுந்து வெளியே வந்தாள். அவள் துணிந்துதான் வந்தாள் என்று பிற்பாடு பலரும் பேசினார்கள், அது உண்மையில்லை. வேன் வரைக்கும் போய் அவரைப் பார்க்கத்தான் வந்தாள். மேடையைக் கடக்கும்போது பயம் அவளைக் கீழே இழுத்தது. நடுமேடையில், அந்த ஷூவுக்குப் பக்கத்தில், பொத்தென்று உட்கார்ந்தாள். பாலத்துக் காவல்காரன் வரைக்கும் அதிர்வு எட்டியது. காலியான கண்ணாடி அறைக்குள், திரையில் பதினொரு டன் நானூறு கிலோ என்று எழுத்து நின்றது.

இரண்டு பேர் தூக்கிப் பார்த்தார்கள், பிறகு ஆறு பேர், பிறகு கயிறு கட்டிப் பன்னிரண்டு பேர். கயிறுதான் அறுந்தது. ரயில்வே கொட்டகையிலிருந்து கிரேன் வந்தது. அவளைத் தூக்கப் போய்த் தன் பின்சக்கரங்களைத் தானே தூக்கிக்கொண்டு நின்றது. முதல் லாரியை ஓட்டிக்கொண்டு மேலே ஏறச் சொன்னார் அதிகாரி. டிரைவர் கீழே இறங்கிவிட்டான். "சார், பதினோரு டன் மேல மோதுனா என் வண்டிதான் சப்பையாகும். பின்னால குண்டு வேற இருக்கு. நீங்க வேணா ஓட்டுங்க" என்று சாவியை நீட்டினான். அதிகாரி சாவியை வாங்கவில்லை. சிறை என்றார், பன்னிரண்டு டன். தேசத்துரோகம் என்றார்; பதின்மூன்று. துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்தார். மேடையின் ஒரு மூலை கிறீச்சென்று இறங்கியது. திரையைப் பார்க்கும்படி அறைக்குள் நிறுத்தப்பட்டிருந்த தம்பி வெளியே ஓடிவந்தான். "ஐயா, மெரட்டாதீங்க ஐயா. மெரட்ட மெரட்ட ஏறுது." உடனே அதிகாரி துப்பாக்கியை வைத்துவிட்டு, குரலைத் தழைத்து, டீ வரவழைத்து, "குடிங்கம்மா, நாங்களும் மனுஷங்கதானே" என்றார். போலீஸ்காரர் அன்பாகப் பேசியதில்தான் அவளுக்கு உயிரே போய்விட்டது. பதினாறு.

மத்தியானம் வரை அவள் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லிக்கொண்டிருந்தாள். "அவர எறக்கி விடுங்க, நான் போயிடறேன்." வேன் இருபதடி தள்ளி, கதவு சாத்தி நின்றது. மற்றவர்களையெல்லாம் வேறு வண்டிக்கு மாற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த வேனுக்குள் இருந்தவர் பத்தரை மணிக்கே இறந்துபோய்விட்டார் என்பது அதிகாரிக்கும் தம்பிக்கும் மட்டும் தெரியும்.

அதிகாரி முட்டாள் அல்ல. யோசித்துக் கண்டுபிடித்துவிட்டார். அவள் எடை முழுக்க வேனுக்குள் இருப்பவருக்காகப் படுகிற பயம். ஆள் போய்விட்டார் என்று தெரிந்தால் பயப்பட என்ன இருக்கிறது? ஒரு குழந்தைகூடத் தூக்கிவிடும். அவரே போய்ச் சொன்னார். அவள் அவர் முகத்தையே பார்த்துவிட்டு, "பொய்" என்றாள். அதற்கும் அரை டன் ஏறியது. அப்போதுதான் அவர் தம்பியைக் கூப்பிட்டார். "நீ சொன்னா நம்புவா. போய்ச் சொல்லு. இது உத்தரவு."

தம்பி தலைக்கவசத்தைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு மேடைக்குப் போனான். பத்து வயதுவரை அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். எதற்கெடுத்தாலும் பயந்து அழுகிற வழக்கமும் அவனுக்கு அவளிடமிருந்தே வந்தது. அக்கா தலையை நிமிர்த்தி, "டேய், மாமா எப்படிடா இருக்காரு?" என்று கேட்டாள். எவ்வளவு நேரமானாலும் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்.  பின்னால் அதிகாரி நிற்கிறார், முன்னால் அக்கா. அவனையும் பயம் கீழே இழுத்தது. சீருடையோடு, தடியோடு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அந்த நிமிடம் அறைக்குள் யாரும் இல்லாததால் அவன் எடையை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. ஒன்பது டன்னுக்குக் குறையாது என்று கிரேன்காரர் சொல்கிறார். எந்திரி, வேலை போயிடும், பென்ஷன் போயிடும் என்று சக கான்ஸ்டபிள்கள் கெஞ்சினார்கள். ஒவ்வொன்றும் அவனை இன்னும் கீழே அழுத்தியது.

பிறகு நடந்ததை ஊர் இன்னும் கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்லும். காலையில் வந்த நாற்பத்துமூன்று பேர் ஊரிலேயே துணிச்சலானவர்கள். மிச்சப் பேர் கதவைத் தாழிட்டு, திரைச்சீலை இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு போலீஸ்காரனே பயத்தில் உட்கார்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டதும், பயப்படுகிறவர்களுக்கும் அங்கே ஒரு வேலை இருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். மூன்று மணிக்குத் தையல்காரி வந்தாள், நடுங்கிக்கொண்டே. பின்னாலேயே இரண்டு உறை வந்த நாத்தனார். ரொட்டிக்கடைக்காரர் பாதி வழியில் திரும்பிப் போய், மறுபடி வந்தார். பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் வாந்தி எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஐந்து மணிக்கு மேடை அறுபது டன்னைத் தாண்டியது. அதற்கு மேல் காட்ட இயந்திரத்துக்குத் தெரியாது. இரும்புத்தகடு மெல்ல மண்ணுக்குள் முக்கால் அடி இறங்கியது.  பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் லாரி வரிசையின் கடைசி வரை கேட்டதாக டிரைவர்கள் சொன்னார்கள்.

பொழுது சாய்வதற்குள் பத்தொன்பது லாரிகளும் ஒவ்வொன்றாகப் பின்னால் எடுத்து, மலைப்பாதையில் இருநூறு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போயின. போர் அதனால் நிற்கவில்லை. இன்னும் இரண்டு வருடம் நடந்து, வேறு எங்கோ, வேறு யாரோ கையெழுத்துப் போட்டு முடிந்தது. லாரிகள் போன பிறகு மற்றவர்கள் எழுந்துகொண்டார்கள். எடைமேடைக்காரியும் எழுந்தாள், பிறர் தூக்கினால்தான் அந்தக் கனம், அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஷூவை எடுத்துக்கொண்டு வேனின் கதவை அவளே திறந்தாள். உள்ளே அவரைப் பெஞ்சோடு சேர்த்துப் பெல்ட்டால் கட்டி வைத்திருந்தார்கள். கட்டாவிட்டால் மேலே எழும்பிக் கூரையில் முட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பெல்ட் தம்பியுடையது. அடக்கம் செய்யும்போது பெட்டிக்குள் நாலு பழைய சக்கர இரும்புகளை வைக்க வேண்டியிருந்தது. மேடையிலிருந்து வழுக்கி விழுந்து இறந்தார் என்று போலீஸ் எழுதிக்கொடுத்த காகிதத்தை அவள் வாங்கிக்கொண்டாள். வாங்க மாட்டேன் என்று சொல்லப் பயமாக இருந்தது.

தம்பிக்கு மூன்றரை வருடம் சிறை. கொண்டுபோக வண்டி எதுவும் தாங்காததால் அவனை நடத்தியே கூட்டிப்போனார்கள். விடுதலையாகி வந்ததும் அக்காவின் வீட்டிலேயே தங்கிவிட்டான். டயர்க்கடையை அவன்தான் நடத்துகிறான். அதிகாரியின் கணிப்பு பொய்த்தது. அவருக்காகப் பயப்பட ஒன்றும் மிஞ்சாத பிறகும் அவள் எடை குறையவில்லை; தம்பிக்காக, தெருவுக்காக, அடுத்த உறைக்காக என்று பயம் இடம் மாறிக்கொண்டது. வீட்டுத் தளத்தைப் பெயர்த்து, தண்டவாளத் துண்டுகளைக் குறுக்கே போட்டுப் பூசினார்கள். கடைத்தெருவில் அவள் வருவது தெரிந்தால் தரைக்கடைக்காரர்கள் பானைகளைக் கையில் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். வெயில் காலத்தில் தாரில் அவள் பாதம் பதியும். நகராட்சி வருடத்துக்கு ஒருமுறை நிரவிவிடும். யாரும் அதைப் பேச்சாக எடுப்பதில்லை.

அக்காவும் தம்பியும் தினமும் ஒரே மேஜையில்தான் சாப்பிடுகிறார்கள். டயர் விலை, தண்ணீர்க் குழாய், பல் டாக்டரின் மூட்டுவலி என்று பேச்சு ஓடும். அன்று மத்தியானம் அவள் கேட்ட கேள்விக்கு அவன் இன்னும் பதில் சொல்லவில்லை.