பிளம்பர் கில்க்ரிஸ்ட்

பாதிரியார் கில்க்ரிஸ்ட் கிளாஸ்கோவில் கடவுளுக்கு ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு, மீனவக் கிராமமொன்றில் கடலோர வீடு பிடித்துக்கொண்டார். பாதிரியார் என்று தெரிந்தால் ஜெபம், சாவு என்று யாராவது இழுத்துவிடுவார்கள். அதனால் என்ன வேலை என்று வீட்டுச் சொந்தக்காரி எல்ஸ்பெத் கேட்டபோது, "பிளம்பர்" என்று அளந்துவிட்டார்.

இரண்டு நாள் ஜன்னலோரம் பொரித்த மீனும் கையுமாகச் சுகமாகக் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்ஸ்பெத் கதவைத் தட்டினாள்.

"சர்ச்சு கக்கூஸ் அடைச்சுக்கிச்சுங்க. பாஸ்டர் தவியா தவிக்கிறாரு. கொஞ்சம் வந்து பாருங்களேன்!"

வேறு வழியில்லை. போய், முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினார். சுவருக்கு அந்தப் பக்கம் உள்ளூர் பாஸ்டர் இழு இழு என்று ஜெபத்தை இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஆண்டவரே, எங்கள் தடைகளையெல்லாம் நீக்கியருளும்!"

அந்த நொடியில் குழாய் பெரிதாக ஏப்பம் விட்டது. தண்ணீர் கடகடவென்று இறங்கிய சத்தத்தில் சர்ச்சே குலுங்கிச் சிரித்தது.

வெளியே வந்ததும் மர்டோ என்ற மீனவர் அவர் முதுகில் ஓங்கித் தட்டினார். "பொறந்ததுலேருந்து ஜெபம் பண்றேன்யா. கேட்டதும் நடந்தது இன்னிக்குத்தான்!"

தன் பிரசங்கத்துக்கு ஒருவரும் இப்படி முதுகில் தட்டியதில்லை என்பது கில்க்ரிஸ்டுக்கு உறைத்தது. இன்னொரு தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, மர்டோவோடு பீர் குடிக்கப் போனார்.